கஷ்டம் உங்களுக்கா, உங்க மனைக்கா?

போன வருஷம் அக்டோபரில் ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்தில் ஏழு பேருக்கு முன்னால் நின்று, வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தேன். கொலைக் கேஸ் எல்லாம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்கு இருபது அடியில் ஒரு ரூம் போட வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது நடு நியூஜெர்சியில். வீடு 1953இல் கட்டியது, சின்னது, படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். வாங்கும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, பதிமூன்று படி ஏறுவதெல்லாம் ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அப்பா போன பிறகு அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. காலையில் இறங்கினால் ராத்திரிதான் ஏறுவாள், நடுவில் பாத்ரூம் போக வேண்டும் என்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, முருகா முருகா என்று ஏறுவதைக் கீழே நின்று பார்க்க எனக்குத் தாங்காது. சரி, கீழேயே ஒரு ரூமும் பாத்ரூமும் போட்டுவிடுவோம் என்று ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவர் டேப்பை இழுத்து அளந்துவிட்டு, "பர்மிட்டுக்குப் போடலாம், ரெண்டு மூணு வாரம்தான்" என்றார். காண்ட்ராக்டர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்.

மூன்றாவது வாரம் நகராட்சியிலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. இரண்டு காரணம். ஒன்று, பக்கவாட்டில் பத்து அடி விட வேண்டும், நீங்கள் ஆறு அடி இரண்டு அங்குலம்தான் விடுகிறீர்கள். இரண்டு, மனையில் 25 சதவீதத்துக்கு மேல் கட்டடம் இருக்கக் கூடாது, உங்களுடையது 27.4 சதவீதம் ஆகும்.

கணக்கு சரிதான். எங்கள் மனை ஐம்பதுக்கு நூறு, ஐயாயிரம் சதுர அடி. வீடும் காராஜும் சேர்ந்து ஏற்கெனவே 1,130. புது ரூம் 240. மொத்தம் 1,370. அனுமதி 1,250. நூற்றிருபது சதுர அடி அதிகம், அதாவது ஒரு கார் நிற்கிற இடம்கூட இல்லை. பக்கவாட்டு விஷயம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் வீடே அந்த ஆறு அடி இரண்டு அங்குலத்தில்தான் எழுபது வருஷமாக நிற்கிறது. புது ரூம் அதே சுவரை நேராகப் பின்னால் இழுக்கிறது, ஒரு அங்குலம்கூடப் பக்கத்து வீட்டுப் பக்கம் நகரவில்லை. ஆனால் இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் கட்டிய வீடு பழைய அளவில் நிற்கலாம், நிற்க மட்டும்தான் செய்யலாம். வளர வேண்டும் என்றால் புது விதி.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு வழி சொல்லியிருந்தது. ஸோனிங் போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்டிடம் போய் வேரியன்ஸ் கேட்கலாம். 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக உட்காரக் கேட்கிற அதே அட்ஜஸ்ட்தான், இங்கே அதற்கு ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள்.

ஸோனிங் என்றால் ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, எங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்று போடும் விதி. வேரியன்ஸ் என்றால் அதிலிருந்து விலக்கு. விதி விதிதான், ஆனால் இந்த ஒரு மனைக்கு மட்டும் இந்த ஒரு அளவில் தளர்த்திக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுப்பது. நியூஜெர்சியில் இதற்கு 1975இல் வந்த முனிசிபல் லேண்ட் யூஸ் லா என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு பெரிய வகை. அடிக்கணக்கு, உயரம், வேலி, கார் நிறுத்துமிடம் மாதிரி அளவு சமாசாரங்களுக்கு 'சி' வேரியன்ஸ். வீடு இருக்க வேண்டிய இடத்தில் கடை, கடை இருக்க வேண்டிய இடத்தில் ஒர்க்‌ஷாப் என்று உபயோகத்தையே மாற்றினால் 'டி' வேரியன்ஸ். அது கஷ்டமான வகை, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், ஒரு டீச்சர் கதை இருக்கிறது.

மனுப் போட்டால் முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊர் என்றால் என் மனையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும். அந்தப் பட்டியலை நகராட்சியே கொடுக்கிறது. கட்டணம் பேருக்கு 25 காசு, அல்லது பத்து டாலர், எது அதிகமோ அது. என் பட்டியலில் 38 பேர். 38ஐ 25ஆல் பெருக்கினால் ஒன்பதரை டாலர்தான் வருகிறது, அதனால் பத்து. இந்த ஐம்பது காசு ஏன் எனக்கு இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை, இந்த முழு விவகாரத்திலும் எனக்குப் புரிந்த ஒரே பில் அதுதான் என்பதாலோ என்னவோ.

மற்ற பில்கள் புரியவே இல்லை. மனுக் கட்டணம் தனி, எஸ்க்ரோ தனி. எஸ்க்ரோ என்பது நாம் முன்கூட்டியே கட்டி வைக்கும் பணம். நகராட்சியின் எஞ்சினியர் என் வரைபடத்தைப் பார்த்தால் அவருக்கான மணிக்கணக்கு அதிலிருந்து, போர்டின் வக்கீல் என் ஃபைலைத் திறந்தால் அவர் மணிக்கணக்கும் அதிலிருந்து. என்னை மடக்கக் கேள்வி கேட்கிறவருக்கு நான்தான் சம்பளம். முதலில் 1,500 டாலர் கட்டினேன், தீர்ந்துவிட்டது மறுபடி கட்டுங்கள் என்று இரண்டு முறை மெயில் வந்தது.

அந்த 38 பேருக்கும் சர்டிஃபைடு மெயிலில் (நம் ஊர்ப் பதிவுத் தபால் மாதிரி), கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்னால், நோட்டீஸ் போக வேண்டும். பேப்பரிலும் போட வேண்டும். ஒரு தேதி தவறினாலோ, ஒரு பெயர் விட்டுப்போனாலோ போர்டுக்கு மனுவை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது, அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. ஒரு சனிக்கிழமை முழுக்க டைனிங் டேபிளில் உட்கார்ந்து நானும் மனைவியும் கடிதத்தோடு போகும் பச்சை ஒப்புகை அட்டைகளில் விலாசம் எழுதினோம், என் பெண் ஸ்டாம்ப் ஒட்டினாள், அம்மா "கல்யாணப் பத்திரிகைக்கு இவ்வளவு பாடுபடலையேடா நாம" என்றாள். போஸ்ட் ஆபீஸில் எனக்குப் பின்னால் நின்ற வரிசை என்னைச் சபித்திருக்கும்.

திங்கள்கிழமையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. மூன்று வீடு தள்ளி இருக்கும் நம்மூர்க்காரர், "என்ன அண்ணே, கோர்ட் நோட்டீஸ் மாதிரி ஏதோ வந்திருக்கு, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்றார். பாவம், விசா புதுப்பித்தலுக்குக் காத்துக்கொண்டிருந்த நேரம், சர்டிஃபைடு மெயில் என்றதும் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. அவருக்கு என் ரூமைப் பற்றி விளக்கினேன். கடைசியில் "எங்க அம்மாவும் வருவாங்க அண்ணே, முடிஞ்சதும் எனக்கும் எப்படின்னு சொல்லுங்க" என்று வைத்தார்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். 1915இல் மன்ஹாட்டனில் ஈக்விட்டபிள் பில்டிங் என்று 38 மாடிக்கு, தெரு ஓரத்திலிருந்து நேராகச் செங்குத்தாக ஒரு கட்டடம் எழும்பியது. சுற்றி இருந்த தெருக்களில் வெயில் போய்விட்டது. ஏற்கெனவே பேச்சில் இருந்த விஷயம்தான் என்றாலும் அடுத்த வருஷமே, 1916இல், நியூயார்க் நகரம் மொத்தத்துக்கும் ஸோனிங் விதி வந்தது. 1920களில் வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பிற்பாடு ஜனாதிபதி ஆனாரே அவர்தான், எல்லா மாநிலங்களும் பார்த்து எழுதிக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட வைத்தார். அந்த மாதிரிச் சட்டத்திலேயே இந்த போர்டு ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது. விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எந்த வரைபடத்தைப் போட்டாலும் அதில் அடங்காத ஒரு கோணல் மனை எங்காவது இருக்கும் என்று.

1926இல் ஒஹையோவில் யூக்ளிட் என்ற சிற்றூரின் விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொன்னபோது, தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட் பன்றியை உதாரணம் காட்டினார்: தொல்லை என்பது சில சமயம் சரியான பொருள் தப்பான இடத்தில் இருப்பதுதான், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்தில் இருப்பது மாதிரி. நல்ல உவமைதான். ஆனால் அதே தீர்ப்பில் அவர் தனி வீடுகள் இருக்கும் இடத்தில் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணி என்றும் எழுதியிருக்கிறார். அங்கே குடியிருந்தவர்கள் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? யூக்ளிட்டுக்கு ஒன்பது வருஷம் முன்னால், 1917இல், லூயிவில் நகரம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று இனத்தை வைத்துப் போட்ட விதியை இதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. மனையின் அளவை வைத்தும், அடுக்குமாடிக்குத் தடை போட்டும் யாரை வெளியே வைக்க முடியும் என்பதை அப்புறம் பல ஊர்கள் கண்டுபிடித்துக்கொண்டன.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

ஏழரைக்குக் கொடி வணக்கம், அப்புறம் பொதுக்கூட்டச் சட்டப்படி இந்தக் கூட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்டது என்று ஒரு வாசிப்பு. மேடையில் இருந்த ஏழு பேரும் ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. ஒருவர் ரிட்டையர்டு டீச்சர், ஒருவர் பிளம்பிங் வேலை செய்கிறவர், ஒரு அம்மாவை நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மூன்று மனு.

முதல் மனு ஒரு வேலி. மூலை மனைக்காரர். இங்கே பல ஊர்களில் மூலை மனைக்கு இரண்டு முன்வாசல் கணக்கு, இரண்டு தெருவைப் பார்த்திருப்பதால். முன்பக்கம் வேலி நாலு அடிக்கு மேல் கூடாது. அவருடைய நாய் ஐந்து அடி தாண்டுகிறது. இதை வைத்து நாற்பது நிமிஷம் போயிற்று. வேலி திருப்பத்தில் கார் ஓட்டி வருகிறவருக்குக் குழந்தைகள் தெரிவார்களா, மரச் சட்டத்தில் இடைவெளி விட்டால் என்ன, நாயை வேறு பக்கம் விட முடியாதா. ஒரு உறுப்பினர் நாய் என்ன ஜாதி என்று கேட்டார், போர்டின் வக்கீல் அது சம்பந்தமில்லாத கேள்வி என்று குறுக்கே வந்தார். கடைசியில் நாலு அடி கெட்டிப் பலகை, மேலே ஒரு அடி கம்பி என்று முடிந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பார்த்த அதே முகங்கள்தான், கோட்டு போட்டிருந்தார்கள்.

இரண்டாவது ஒரு பீட்சா கடைக்காரர். வெளியே எட்டு மேஜை போட வேண்டும், அதற்கு மூன்று கார் இடம் குறைகிறது, அதனால் வேரியன்ஸ். மனிதர் வெள்ளைச் சட்டை போட்டு, சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மைக் முன்னால் நின்றதும் வக்கீல் கேட்டார், "கடை உங்க பேர்ல இருக்கா, கம்பெனி பேர்ல இருக்கா?" எல்.எல்.சி. பேரில் என்றார். அவ்வளவுதான். தன் சொந்த வீட்டுக்கு ஒருவர் தானே வாதாடலாம், கம்பெனி என்றால் வக்கீல் வைத்துத்தான் வர வேண்டும், அது ஒரே ஆள் நடத்தும் பீட்சா கடையாக இருந்தாலும். "கம்பெனியே நான்தானே" என்றார் அவர். அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என் ரூமுக்கு வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் என் காதில், "பெட்ரோல் பங்க்குக்காரன்னா மூணு வக்கீலோட வந்திருப்பான்" என்றார்.

மூன்றாவது நான்.

தலைவர், "சொல்லுங்க, உங்க ஹார்ட்ஷிப் என்ன?" என்றார். ஹார்ட்ஷிப் என்றால் கஷ்டம். கஷ்டத்தைச் சொல்லச் சொன்னால் நமக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? நான் அம்மாவின் முழங்காலில் ஆரம்பித்தேன். பதிமூன்று படி, டாக்டர் சர்டிஃபிகேட், அப்பா தவறியது எல்லாம் சொன்னேன். முதல் வரிசையில் அம்மாவை உட்கார வைத்திருந்தேன், பட்டுப்புடவை இல்லை, ஆனால் நல்ல புடவை. டீச்சர் உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

போர்டின் வக்கீல் ரொம்ப மரியாதையாகத்தான் குறுக்கிட்டார். "உங்க அம்மா நல்லா இருக்கணும் சார். ஆனா இதை நாங்க கணக்குல எடுத்துக்க முடியாது. சட்டம் கேக்கறது உங்க கஷ்டத்தை இல்ல, உங்க மனையோட கஷ்டத்தை. இந்த வேரியன்ஸ் உங்களுக்குக் கொடுக்கறது இல்ல, மனைக்குக் கொடுக்கறது. நாளைக்கு நீங்க வித்துட்டுப் போனாலும் அது மனையோடயே இருக்கும். உங்க மனை குறுகலா இருக்கா, கோணலா இருக்கா, சரிவா இருக்கா, அதைச் சொல்லுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் யோசித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அம்மாவுக்காக என்று ஒரு ரூம் போடுகிறேன். அம்மா நூறு வயது இருக்கட்டும், இருந்தாலும் அந்த ரூம் அம்மாவை விட அதிக நாள் இருக்கும். அதற்கப்புறம் வாங்குகிறவன் அதை வாடகைக்கு விடுவானோ, கம்ப்யூட்டர் ரூம் ஆக்குவானோ, பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஆறு அடி இரண்டு அங்குலம் மட்டும் அப்படியேதான் இருக்கப் போகிறது. கண்ணீரைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தால், அழத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் வீடு பெரிதாகும். நானே அங்கே அழ வைக்கத்தானே நல்ல புடவை கட்டி அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன்.

ஆர்க்கிடெக்ட் எழுந்து மண்ணின் கஷ்டத்தைச் சொன்னார். இந்த வட்டாரத்தில் மனை அகலம் இப்போது 75 அடி வேண்டும், இவருடையது 50, 1953இல் பிரித்த மனை. இரண்டு பக்கமும் வீடு இருப்பதால் பக்கத்தில் இடம் வாங்கிச் சேர்க்கவும் வழியில்லை. வீடு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது இவர் செய்த தப்பு இல்லை. பத்து அடி விட்டுக் கட்டினால் சுவர் நாலு அடி உள்ளே மடங்கும், கூரை இரண்டாக ஒடியும், ரூமுக்குள் சக்கர நாற்காலி திரும்பாது. அந்த சக்கர நாற்காலியை அவர் எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டார், வக்கீலும் கண்டுகொள்ளவில்லை. மனையின் கஷ்டம் மட்டும் போதாது, ஊருக்கோ பக்கத்தாருக்கோ பெரிய கெடுதல் இல்லை என்றும் காட்ட வேண்டும், அதுவும் சட்டத்தில் தனியாக இருக்கிறது. அதற்குப் படம் படமாகக் காட்டினார், தெருவிலிருந்து பார்த்தால் புது ரூம் தெரியாது, ஜன்னல் பின்பக்கம்தான், பக்கத்து வீட்டைப் பார்த்து ஒன்றும் இல்லை.

அப்புறம் தலைவர் பொதுமக்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்தார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்குகிறவர், தனியாள், அந்த ஆறு அடி இரண்டு அங்குலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். மனுப் போடுவதற்கு முன்னாலேயே அவர் வீட்டுக்குப் போய் வரைபடத்தைக் காட்டியிருந்தேன். காபி கொடுத்து, "தாராளமா கட்டுங்க, அம்மாவுக்குத்தானே" என்றார். அதனால் அவர் எழுந்தபோது ஆதரவாகத்தான் பேசப் போகிறார் என்று நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, பையிலிருந்து மூன்று போட்டோ எடுத்தார். அவர் வீட்டு பேஸ்மென்ட் சுவர், கீழே வெள்ளையாக உப்புப் பூத்த ஈரக் கறை. "எனக்கு இவங்க ரூம் கட்டறதுல ஆட்சேபணை இல்ல. இப்பவே மழை பெஞ்சா இவங்க கூரைத் தண்ணி என் பக்கம்தான் வருது. இன்னும் இருபது அடி கூரை வந்தா அந்தத் தண்ணி எங்க போகும்? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பதினோரு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறார், ஒரு நாளும் சொன்னதில்லை. கோபமாக வந்தது. ஏன் காபி குடிக்கும்போது சொல்லவில்லை என்று அங்கேயே கேட்கலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் போட்டோவில் இருந்த கறை பொய் இல்லை. நகராட்சி எஞ்சினியர் (என் எஸ்க்ரோவில் சம்பளம் வாங்குகிறவர்) மைக்கை இழுத்து, புதுக் கூரைத் தண்ணீர் முழுவதையும் குழாயில் பிடித்துப் பின்பக்கம் ஒரு உறிஞ்சு குழிக்குள் விட வேண்டும், பழைய கூரையின் அந்தப் பக்கத்துக் குழாயையும் அதிலேயே சேர்க்க வேண்டும் என்றார். எவ்வளவு செலவு ஆகும் என்று நான் ஆர்க்கிடெக்டைப் பார்த்தேன், அவர் ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினார். ஒத்துக்கொண்டேன். ஏழு ஓட்டும் சாதகம். மணி பத்தேகால்.

காரில் வரும்போது அம்மாவுக்கு நடந்ததைத் தமிழில் சொன்னேன். முழங்கால் கணக்கில் வராது என்று சொன்னதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் விஷயம் சொன்னதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எறவாணத் தண்ணியா? அதுக்குத்தானே எங்க தாத்தாவும் பெரிய தாத்தாவும் பன்னண்டு வருஷம் பேசாம இருந்தாங்க! நம்ம எறவாணம் அவங்க மனையில சொட்டுதுன்னு கேஸு போட்டு, மாயவரம் கோர்ட்டுக்கு வண்டி கட்டிக்கிட்டுப் போவாங்க. அந்தப் பெரியவர் சொன்னது நியாயம்தான்டா." கோர்ட் வண்டியில் இரண்டு பேரும் ஒன்றாகவே போவார்களாம், வண்டி ஒன்றுதான் இருந்ததால். வழி முழுக்கப் பேச மாட்டார்களாம்.

என் கேஸ் நல்லபடியாக முடிந்ததால் இந்த ஏற்பாடே நல்ல ஏற்பாடு என்று சொல்லிவிட மாட்டேன். அந்த டீச்சர் கதையைச் சொல்கிறேன் என்றேனே. வேறு ஊரில் இருக்கும், எங்களுக்குத் தெரிந்த ஒரு பரதநாட்டிய ஆசிரியை. வீட்டு பேஸ்மென்ட்டில் வகுப்பு, வாரத்தில் மூன்று நாள், ஒரு வேளைக்கு எட்டு பிள்ளைகள். அந்த வட்டாரம் குடியிருப்பு மட்டும். யாரோ ஒருவர் கார்கள் வந்து போவதைப் பற்றிப் புகார் கொடுக்க, 'டி' வேரியன்ஸ் கேட்க வேண்டிவந்தது. இந்த வகைக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, ஐந்து ஓட்டு வேண்டும். வாகன எண்ணிக்கைக்கு ஒரு நிபுணர், பிளானர் ஒருவர், வக்கீல், எல்லோரையும் வைத்தார். மூன்று மாதம், மூன்று கூட்டம். பேசிய பக்கத்து வீட்டார் ஒருவர்கூட நாட்டியத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. கார் கதவு சாத்துகிற சத்தம், ஹெட்லைட் வெளிச்சம், தெருவின் 'தன்மை'. கடைசியில் நாலு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. நாலு மூன்றை விடப் பெரியது என்று ஒன்றாம் வகுப்பில் படித்தோம், ஆனால் அவர் தோற்றுவிட்டார். இப்போது ஒரு பள்ளிக்கூட ஹாலை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து நடத்துகிறார், ஃபீஸும் ஏறிவிட்டது. கார் சத்தம்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று நிரூபிக்க எந்த வழியும் இல்லை.

கார் நிறுத்துமிடத்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு நிரூபணம் ஆன ஒரு கேஸும் இதே மாநிலத்தில் இருக்கிறது. பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில் ஒரு மசூதி கட்ட 2012இல் மனுப் போட்டார்கள். அது வேரியன்ஸ் மனுகூட இல்லை, அந்த இடத்தில் வழிபாட்டுத் தலம் கட்ட அனுமதி உண்டு, அதனால் விலக்குக் கேட்காத திட்டங்களைப் பார்க்கும் பிளானிங் போர்டுக்குப் போனது. 39 கூட்டம் நடந்தது. சர்ச்சுக்கு மூன்று பேருக்கு ஒரு கார் இடம் என்பது கணக்கு, அதன்படி 150 பேருக்கு 50 இடம். இவர்களிடம் 107 கேட்டார்கள். 2015 கடைசியில் நிராகரித்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி இந்தக் கார்க் கணக்கு வேறுபாடு செல்லாது என்று சொன்ன பிறகு, 2017இல் 32.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது அந்த நகராட்சி.

நம் ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு, எந்தக் கட்டடத்துக்கும் விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம். அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ், கை தூக்கிச் சத்தியம், மூன்று போட்டோ, ஒன்றும் கிடையாது, கோட்டையிலிருந்து ஒரு ஆணை. 1998இல் 113-ஏ வந்தது, விதி மீறிக் கட்டியதைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், ஒரே ஒரு தடவைக்கான ஏற்பாடு என்ற அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது, அப்புறமும் தேதி நீண்டுகொண்டே போனது வேறு கதை. குரோம்பேட்டையில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் பால்கனி இரண்டரை அடி காம்பவுண்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரருடைய பால்கனியும் அதே அளவு எங்கள் பக்கம். இரண்டு பால்கனிக்கும் நடுவில் நின்று கை நீட்டினால் சர்க்கரை டம்ளர் மாறும். இரண்டு பேரும் தப்பு செய்ததால் ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுக்க முடியாது, நாற்பது வருஷம் ரொம்ப சிநேகமாக இருந்தார்கள்.

போர்டு ஓட்டுப் போட்ட பிறகும் உடனே கடப்பாரையைத் தூக்க முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை எழுத்தில் நிறைவேற்றி, அதைப் பேப்பரில் போட்டு, அதிலிருந்து 45 நாள் யாராவது கோர்ட்டுக்குப் போகிறார்களா என்று காத்திருக்க வேண்டும். நடுவில் கட்டினால் நம் பொறுப்பு. அதற்குள் பனி வந்துவிட்டது. மார்ச்சில் அஸ்திவாரம், ஜூனில் அம்மா கீழே படுக்க ஆரம்பித்தாள். மாடிக்கு இப்போது ஏறுவதே இல்லை, மாடியில் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிட்டது என்கிறாள்.

உறிஞ்சு குழிக்கு மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஆறு அடி ஆழம், உள்ளே ஓட்டை போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம், சுற்றிலும் ஜல்லி. தோண்டின அன்றைக்குப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

ஜூலையில் ஒரு சாயந்திரம் இடியோடு அடித்துப் பெய்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில், அந்த ஆறு அடி இரண்டு அங்குலத்தில் நிற்கிறார். குழாய் தரையில் இறங்குகிற இடத்தில் குனிந்து, காதை வைத்துக் கேட்கிறார். அம்மா என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறந்து, தமிழிலேயே, "தண்ணி உள்ள போகுதா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து கட்டை விரலைக் காட்டினார்.